தேடத் தெரிந்த பெண்ணுக்கு எதற்கு 14 லட்ச ரூபாய் சீட்?

பிளஸ் டூ முடித்த மகளைப் பற்றி எழுதியிருக்கும் அம்மாவுக்கு,

மகளை அடுத்து என்ன படிக்க வைப்பது என்ற உங்கள் கவலை நியாயமானது. ஆனால் உங்கள் அண்ணன் சொல்கிறார் என்பதற்காக மேனேஜ்மென்ட் கோட்டாவில் ஏ.ஐ. படிப்பில் சேர்ப்பதற்கு நான் தலையாட்ட மாட்டேன். வருஷத்துக்கு மூன்றரை லட்சம் என்றால் நாலு வருஷத்துக்கு 14 லட்சம், ஹாஸ்டல் தனி. அடகுக்குப் போவது உங்கள் நகை, அவருடையது அல்ல. கோடிங் வேண்டாம், கெமிஸ்ட்ரியும் தாவரவியலும் பிடிக்கும், கூகுளில் எதையும் குடைந்து எடுத்துவிடுவாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் அந்தக் கல்லூரியையே அவள் கூகுளில் தேடட்டும். கல்லூரியின் முழுப் பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் அடித்து, பக்கத்தில் என்.ஐ.ஆர்.எஃப். (மத்திய அரசின் கல்லூரித் தரவரிசை), அடுத்து பி.டி.எஃப். கோப்புகளை மட்டும் காட்டச் சொல்லும் கட்டளை: ஃபைல்டைப், கோலன், பி.டி.எஃப். (filetype:pdf). எல்லாம் ஆங்கில எழுத்தில். கோலனுக்குப் பின் இடைவெளி விட்டால் கட்டளை வேலை செய்யாமல் போகலாம். அட்மிஷன் ஏஜென்ட் பக்கங்கள் குவிந்தால், மைனஸ் குறியை ஒட்டியே 'அட்மிஷன்' என்று சேர்க்கவும், அந்தச் சொல் உள்ள பக்கங்கள் விலகிவிடும். தரவரிசைக்காகக் கல்லூரியே கொடுத்த தாள் கிடைத்தால், எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, மீடியன் சம்பளம் எவ்வளவு என்று அதில் இருக்கும். வேலை கிடைத்தவர்களில் பாதிப் பேர் அந்த மீடியனுக்கு மேல் வாங்கவில்லை என்று படியுங்கள். பேனரில் போடுவது முதல் ஆளின் சம்பளம்.

அவளுக்கு நான் சொல்லும் வழி காப்புரிமை (பேட்டன்ட்) தேடல். ஒரு கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்டால், அது உலகில் எங்காவது முன்பே வெளியாகியிருக்கிறதா என்று தோண்டிப் பார்க்க ஆள் வேண்டும். மஞ்சளால் புண் ஆற்றுவதற்கு 1995-இல் அமெரிக்கா கொடுத்த காப்புரிமை, இந்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். பழைய ஆவணங்களை எடுத்து வைத்ததால் 1997-இல் ரத்தானது.

அந்தத் தேடலையே எடுத்துக்கொள்ளுங்கள். 'டர்மரிக்' என்று மட்டும் அடித்தால், 'குர்குமா லாங்கா' என்று தாவரவியல் பெயரில் எழுதியவை தப்பிவிடும், ஜப்பானிய ஆவணங்களும் தப்பும். அதனால், எந்த மொழியில் இருந்தாலும் பொருள் வாரியாகக் காப்புரிமைகளுக்குக் கொடுக்கப்படும் வகைப்பாட்டு எண்ணில் தேடுவார்கள். சி.பி.சி. என்ற வகைப்பாட்டு முறையில், மஞ்சள் சேர்ந்த குர்குமா பேரினத்துக்கு ஏ61கே 36/9066. எஸ்பாஸ்நெட் என்ற இலவசத் தளத்தில் அந்த எண்ணோடு 'ஊண்ட்' (wound, புண்) என்ற சொல்லைச் சேர்த்து, விண்ணப்பத் தேதிக்கு முன் வெளியானவற்றை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வந்தது சான்றாகாது. புதிதாக வருபவர்கள் சறுக்குவது இங்கேதான்: எடுத்த எடுப்பிலேயே வலையை இறுக்கி, ஒன்றும் வராததைப் பார்த்து 'எதுவும் இல்லை' என்று அறிக்கை எழுதிவிடுவார்கள். முதலில் அகலமாகத் தேடி, பிறகுதான் சுருக்க வேண்டும்.

அரசுக் கலைக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், பிறகு எம்.எஸ்சி. இந்த வேலைக்கு வெறும் பி.எஸ்சி. பெரும்பாலும் போதாது. அவள் ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும், கல்லூரியிலேயே விண்ணப்பம் கேளுங்கள். பிறருக்காகக் காப்புரிமை விண்ணப்பங்களைக் கையாளும் காப்புரிமை முகவராக ஒரு தேர்வு உண்டு. அதற்கு அறிவியல் பட்டமும் 21 வயதும் வேண்டும். இரண்டு தாள்கள், ஒரு நேர்முகம். ஒவ்வொன்றிலும் 50 சதவீதம், மொத்தத்தில் 60 சதவீதம். தேர்வு வருஷா வருஷம் நடப்பதில்லை, அதற்காக வீட்டில் காத்திருக்க வேண்டாம், வேலையில் இருந்துகொண்டே எழுதலாம்.

உண்மையான தடை ஆங்கிலம்தான், பேச்சு அல்ல, வாசிப்பு. இந்த வாரம் எஸ்பாஸ்நெட்டில் ஒரு மூலிகைக் காப்புரிமையை எடுத்து, எதற்கெல்லாம் உரிமை கேட்கிறார்கள் என்று சொல்லும் 'கிளெய்ம்ஸ்' பகுதியை அகராதியோடு முழுக்கப் படிக்கச் சொல்லுங்கள். சலித்துப்போய் மூடிவிட்டால் இந்த யோசனையையும் விட்டுவிடலாம். அதுவரை அந்தக் கல்லூரிக்கு அட்வான்ஸ் கட்டாதீர்கள்.