ஃபைட்டோவைவிட மருந்து எச்சத்தைப் பாருங்கள்

குடியாத்தத்திலிருந்து காய்ந்த கறிவேப்பிலையை ஜெர்மனிக்கு அனுப்புவதாகவும், வாங்குபவர் ஃபைட்டோ சான்றிதழ் (சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்ற அரசுச் சான்று) கேட்பதாகவும் எழுதியிருந்தீர்கள். சரக்கு போன பிறகு வாங்கிக் கொடுக்கலாமா என்றால், முடியாது சார். சரக்கைப் பார்த்துத்தான் தருவார்கள். கப்பல் ஏற்றுவதற்கு முன்பே இணையத்தில் விண்ணப்பித்து, சென்னை தாவரத் தனிமைப்படுத்தல் நிலையத்தில் முடித்துவிடுங்கள்.

ஆனால் ஐரோப்பாவில் ஃபைட்டோ கண்டிப்பு பச்சை இலைக்குத்தான், நன்றாகக் காய்ந்ததற்குப் பொதுவாகக் கேட்பதில்லை. வாங்குபவர் எதற்குக் கேட்கிறார் என்று முதலில் விசாரியுங்கள். உங்களுக்கு உண்மையான தலைவலி பூச்சிமருந்து எச்சம். இந்தியக் கறிவேப்பிலை, காய்ந்ததும் சேர்த்து, அங்கே கூடுதல் பரிசோதனைப் பட்டியலில் இருக்கிறது. விவசாயியிடம் மொத்தமாக வாங்குவதற்கு முன் மாதிரியை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கழுவினால் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான் நம்பி ஒரு லோடை இழந்தேன்.

கறிவேப்பிலை ஸ்பைசஸ் போர்டு (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) பட்டியலில் வருவதால் அவர்களிடம் ஏற்றுமதியாளர் பதிவும் வேண்டும்.

அப்புறம், காம்பை மடக்கினால் சொடுக்கென ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் இருக்கிறது, பூஞ்சை வரும். மூட்டை அடியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தாளில் தட்டுங்கள். ஒரு வண்டு நகர்ந்தாலும் அந்த மூட்டையைத் தனியே வையுங்கள். மூட்டைகளை அடுக்கும் மரப் பேலட்டிலும் (மரத் தட்டு) வெப்பச் சிகிச்சை முத்திரை இருக்கிறதா பாருங்கள். மரத்தின் நடுப்பகுதிவரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றியிருந்தால்தான் அந்த முத்திரையைக் குத்துவார்கள்.