கார் செயலிக்குத் தெரியும் இடம் 911-க்கு ஏன் தெரிவதில்லை?

அமெரிக்காவில் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தால் "எங்கே இருக்கிறீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள், வாடகைக் கார் செயலிக்கே தெரிவது இவர்களுக்குத் தெரியாதா என்கிறீர்கள். நியாயமான எரிச்சல்தான்.

911-இன் முதல் அழைப்பு 1968-இல், அலபாமாவின் ஹேலிவில் ஊரில். அது கம்பித் தொலைபேசிக் காலம். ஓர் எண்ணுக்கு ஒரு முகவரி. பிறகு எண்ணை வைத்து முகவரியைத் திரையில் காட்டும் வசதியும் வந்தது. கைபேசி வந்ததும் அந்தக் கணக்கு குலைந்தது. அழைப்பை எந்தக் கோபுரம் பிடிக்கிறதோ, அதற்குரிய 911 அழைப்பு மையத்துக்கே அது போனது. கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்றது) எல்லையில் நின்றால் பக்கத்துக் கவுண்டிக்காரர் எடுக்க நேரலாம். அவர் மாற்றிவிடுவதற்குள் பொன்னான நேரம் போய்விடும். செயலியோ இணையம் வழியே இடத்தை நேராக அனுப்புகிறது. பழைய 911 தடங்கள் குரலுக்காகப் போட்டவை.

'அடுத்த தலைமுறை 911' அந்தத் தடங்களை இணைய நெறிமுறைக்கு, அதாவது இணையத்தில் தரவு போகும் முறைக்கு, மாற்றுகிறது. இடவிவரம் அழைப்போடு சேர்ந்தே வரும்; அதை டிஜிட்டல் வரைபடத்தோடு ஒப்பிட்டு, உரிய மையத்துக்கு அழைப்பு போகும். படம், வீடியோ அனுப்பவும் வழியுண்டு. ஒரு மையம் முடங்கினால் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால் மென்பொருளைவிட வரைபடம்தான் தலைவலி. அண்டைக் கவுண்டிகளின் எல்லைக்கோடுகள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பணமும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால் வேகம் ஒரே சீராக இல்லை. அடுக்குமாடியில் எந்தத் தளம் என்பது இன்னொரு சிக்கல். ஆகவே இப்போதைக்கு முகவரியையும் மாடி எண்ணையும் முதலில் சொல்லிவிடுங்கள்.