எழுத்தில் காரியோக், பேச்சில் கீரி

கேள்வி: ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் படிக்கும் என் மகள், 'காரியோக்' என்று பலகையில் எழுதியிருக்கும் பெயரை அங்குள்ளவர்கள் 'கீரி' என்று சொல்வதாகக் கூறினாள். அது ஊரா, மாவட்டமா? பெயருக்குப் பொருள் என்ன?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: உங்கள் மகள் கேட்டது சரியே. 'கங்கை' என்னும்போது நம் வாயில் வரும் முதல் ககரத்தைக் கொண்டு 'கீரி' என்று சொன்னால் உள்ளூர் உச்சரிப்புக்கு மிக நெருங்கி வந்துவிடும். எழுத்தைக் கூட்டிப் படிப்பவரை வெளியூர்க்காரர் என்று அங்கே உடனே கண்டுகொள்வார்கள்.

அது தனி ஊர் அன்று. அபர்டீன் நகருக்கு வடமேற்கே, டான் ஆறும் யூரி ஆறும் கூடுமிடத்தில் அமைந்த இன்வரூரியை முக்கிய ஊராகக் கொண்ட ஒரு நிலப்பகுதியின் பழம்பெயர். ஆகவே ஆங்கிலத்தில் அதன் முன் 'தி' சேர்த்து, 'தி கீரியில் வசிக்கிறேன்' என்றே பேசுவார்கள். தெற்கே உள்ள 'தி மேர்ன்ஸ்' வட்டாரத்துக்கும் இதே வழக்கு உண்டு. ஆனால் பக்கத்திலுள்ள பக்கன், ஃபார்மர்டின் ஆகிய பெயர்களுக்கு அந்தச் சொல் சேர்வதில்லை. இதற்கு விதி தேடுவதைவிடக் காதால் கேட்டுப் பழகிக்கொள்வதே நல்லது.

கரடுமுரடு என்று பொருள்படும் 'கர்வ்' என்ற, ஸ்காட்லாந்தின் பழைய மொழியான கேலிக்கின் சொல்லிலிருந்து 'கரட்டு நிலம்' என்ற பொருளில் இப்பெயர் பிறந்தது என்பதே பொதுவாக ஏற்கப்பட்டுள்ள விளக்கம். பழைய ஆவணங்களின் எழுத்துக்கூட்டில் நடுவே ஒரு வகர ஒலியும் தென்படுகிறது. அந்த வகரமும் கடைசி மெய்யும் பேச்சில் தேய்ந்து போயின. எழுத்து மட்டும் பழைய உருவை ஓரளவு காத்துக்கொண்டு நிற்கிறது. இதில் எனக்கு வியப்பளிப்பது, கரடு என்று பெயர் பெற்ற இந்த மண், அபர்டீனைச் சூழ்ந்த அபர்டீன்ஷயர் வட்டாரத்தின் தானியக் களஞ்சியம் என்று போற்றப்பட்ட வளமான விளைநிலம் என்பதுதான். தென்மேற்கில் எழும் பென்னஹீ மலைத்தொடரைப் பார்த்தால் பெயரின் கடுமை ஓரளவு விளங்கும். அதன் மிக உயர்ந்த சிகரம் 528 மீட்டர் உயரமுள்ள ஆக்சன் கிரெய்க். ஆனால் வட்டாரத்தின் அடையாளமாக எல்லார் கண்ணிலும் படுவது, அதைவிடச் சற்றே தாழ்ந்த, உச்சியில் பழங்கோட்டையின் கற்சுவர்கள் சிதைந்து கிடக்கும் மிதர் டாப்தான்.

கேள்வி: இது வரலாற்று நூல்களில் மட்டும் உள்ள பெயரா, இன்றும் வழக்கில் உள்ளதா?

பதில்: இரண்டிலும் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஸ்காட்லாந்து மன்னர் வில்லியமின் தம்பியும் ஹண்டிங்டன் பிரபுவுமான டேவிட் இப்பகுதியின் ஆட்சியுரிமையைப் பெற்றார். பின்னாளில் மன்னரான ராபர்ட் புரூஸ் அவர் மகளின் வழித்தோன்றல். 1411 ஜூலை 24 அன்று ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளின் தலைவர் டொனால்டும் மார் பிரபு அலெக்சாண்டர் ஸ்டூவர்ட்டும் மோதிய குருதி தோய்ந்த ஹார்லா போர்க்களம், இன்வரூரிக்குச் சற்று வடக்கே இந்த மண்ணில்தான் இருக்கிறது.

இன்று 'சாப்பல் ஆஃப் கீரி' என்றொரு சிற்றூர் இருக்கிறது. அதன் அருகே 'கன்னிக் கல்' எனப்படும், ஸ்காட்லாந்தின் பண்டைய குடிகளான பிக்ட் மக்கள் செதுக்கிய செந்நிறக் கருங்கல் தூண் நிற்கிறது. அபர்டீன்ஷயர் உள்ளாட்சி மன்றத்தின் ஆறு நிர்வாகப் பகுதிகளுள் ஒன்றுக்கும் இதே பெயர்தான். வெளிநாட்டவர் பலர் இப்பெயரை முதலில் காண்பது, ஓல்ட்மெல்ட்ரம் ஊரில் 1797இல் தொடங்கிய 'கிளென் கீரி' விஸ்கி வடிசாலையின் புட்டியில்தான். அங்கும் எழுத்து ஒன்று, உச்சரிப்பு வேறு. இன்றைய நிர்வாகப் பிரிவில் அந்த ஊர் ஃபார்மர்டினில் சேர்ந்திருக்கிறது. ஆகவே இப்பெயரைப் படிக்கும்போது, சொல்பவர் பழைய வட்டாரத்தைக் குறிக்கிறாரா, மன்றத்தின் பகுதியைக் குறிக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.