மருந்து தராமல் காத்திருப்பது கைவிடுவது ஆகாது

சகோதரி, உசிலம்பட்டியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். நான்கு மாதக் குழந்தைக்கு நியூரோபிளாஸ்டோமா, அதாவது நரம்புத் திசுவில் தோன்றும் குழந்தைப் புற்றுக்கட்டி; அதிலும் கைக்குழந்தைகளிடம் மட்டும் காணும் 4எஸ் நிலை. மதுரை மருத்துவர் மருந்து எதுவும் தராமல் "கவனித்துப் பார்ப்போம்" என்கிறாரே, கைவிட்டுவிட்டாரா என்று கேட்கிறீர்கள். நிச்சயமாக இல்லை.

கல்லீரல், தோல் வரை பரவியிருந்தாலும், கைக்குழந்தைகளிடம் தானாகவே சுருங்கி மறையக்கூடிய கட்டி இது. மற்ற புற்றுநோய்களில் இது மிக அபூர்வம். ஜப்பானில் 1985 முதல் ஆறு மாதக் குழந்தைகளுக்குச் சிறுநீர்ப் பரிசோதனை செய்து இந்தக் கட்டியை நாடெங்கும் தேடினார்கள். அப்படி அகப்பட்டவற்றில் பல, சிகிச்சை இல்லாமலே தாமாக மறைந்து போயிருக்கும் என்று புரிந்ததும் 2004இல் அத்திட்டத்தை நிறுத்தினார்கள்.

மருத்துவரிடம் ஒன்று கேளுங்கள்: கட்டியை வேகமாக வளரச் செய்யும் எம்.ஒய்.சி.என். (MYCN) மரபணு, கட்டியின் செல்களில் பல நகல்களாகப் பெருகியிருக்கிறதா? பெருகியிருந்தால் காத்திருப்பது சரியல்ல, சிகிச்சை வேண்டும்.

உண்மையான ஆபத்து, கல்லீரல் வீங்கி மூச்சை நெருக்குவது. குளிப்பாட்டும்போது சட்டையில்லாத உடம்பை நன்றாகப் பாருங்கள். மூச்சிழுக்கையில் விலா இடுக்கில் தோல் உள்வாங்குகிறதா? வயிறு பளபளவென்று இறுகியிருக்கிறதா? பால் குடிக்கத் திணறுகிறதா? அப்படியானால் நள்ளிரவானாலும் 108ஐ அழையுங்கள். காலை பஸ்ஸுக்காக உட்கார்ந்திருக்காதீர்கள்.

மாமியார் சொல்லும் நாட்டு மருந்து கண்டிப்பாக வேண்டாம். வீங்கிய கல்லீரலுக்கு அது கூடுதல் சுமை. கட்டி தானே கரைந்தாலும் பெயர் மருந்துக்குப் போய்விடும். நாளை காத்திருக்கவே கூடாத நோயுள்ள வேறொரு பிள்ளைக்கும் அதைக் கொடுப்பார்கள். அடுத்த ஸ்கேன் தேதியை மட்டும் எக்காரணத்துக்காகவும் தள்ளிப்போடாதீர்கள்.