‘தவறி விழுந்தார்’ என்று எழுதினால் போதுமா?

விபத்துக் காயங்களைத் தடுப்பது, நோயை முன்கூட்டிக் கண்டறியும் பரிசோதனைகள் இரண்டும் என் ஆராய்ச்சித் துறை. ஊர் பாளையங்கோட்டை. கேட்டவர்களுக்கு என் பதில்கள் இவை.

பேட்டை வாசகர்: மருந்து எழுதாத டாக்டருக்கு என்ன வேலை?

என் அம்மாவும் இதைத்தான் கேட்கிறார். விபத்துப் பதிவேடுகளைப் படிப்பதுதான் பாதி வேலை. ‘மரத்திலிருந்து தவறி விழுந்தார்’ என்று ஒரு வரி இருக்கும். எந்த மரம், எவ்வளவு உயரம், மழை பெய்ததா, ஏறும்போது காலில் மாட்டும் தளைநார் பழையதா என்ற எதுவும் இருக்காது. ‘தவறி’ என்ற ஒரே சொல்லில் பழி முழுவதும் விழுந்தவர் தலையில் ஏறிவிடுகிறது. அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்புத் துறைக்கு முதல் தலைவராக இருந்த மருத்துவர் வில்லியம் ஹாடன், விபத்தை முன், நடக்கும்போது, பின் என்று மூன்றாகப் பிரித்தார். ஒவ்வொன்றிலும் ஆள், பொருள், சூழல் மூன்றையும் தனித்தனியே பார்க்கச் சொன்னார். கார்களுக்கு அவர் செய்த கணக்கைப் பனை மரத்துக்குப் போட்டுப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

திசையன்விளை தம்பி: அப்பா பனையேறி, வயது 58. பதநீர்ப் பருவம் வந்தால் வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. ‘பார்த்து ஏறுங்கள்’ என்பதைத் தவிர வேறு என்ன சொல்வது?

அதை முதலில் நிறுத்துங்கள். சிறு வயதிலிருந்து ஏறுகிறவருக்குப் பார்த்து ஏறத் தெரியாதா? அவருடைய தளைநாரை வாங்கிப் பாருங்கள். செம்மணல் தேரி ஓரத்து ஊர் ஒன்றில், விழுந்தவரின் மனைவி அந்த நாரைக் கொண்டுவந்து காட்டினார். மற்ற இடமெல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. பாதம் பதியும் இடத்தில் மட்டும் முறுக்குப் பிரிந்து, பூனை மயிர்போல இழை இழையாக நின்றது. ‘இந்தப் பருவம் முடியட்டும், மாற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்’ என்றார் அந்த அம்மா.

அடிமரத்தை விட்டு மட்டைக்குத் தாவும் இடம் இன்னொரு கண்டம். காய்ந்த மட்டையைப் பிடித்தால் கையோடு வந்துவிடும். இடுப்புக் கயிறு கட்டினால் நல்லது, ஆனால் நேரமாகும் என்று அப்பா சொல்வார். அது சாக்கு அல்ல, வெயில் ஏறுவதற்குள் எத்தனை மரம் ஏறுகிறாரோ அதுதான் அவர் வருமானம். ஏறுகிற வேகத்தைக் கெடுக்காத கயிற்றைச் செய்துகொடுப்பது எங்களைப் போன்றவர்களின் கடமை, அதில் இன்னும் பாக்கி வைத்திருக்கிறோம். மரத்தடியில் கிடக்கும் கல்லையும் கருக்கு மட்டையையும் நீங்களே இன்று அகற்றிவிடலாம். பருவத்துக்கு முன் கண், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் பார்த்துவிடுங்கள். யாராவது விழுந்துவிட்டால் கையையும் காலையும் பிடித்துத் தூக்கவே கூடாது. முதுகெலும்பு முறிந்திருந்தால் அந்தத் தூக்கலே காலை முடக்கிவிடும். கழுத்து அசையாமல் பிடித்துக்கொண்டு 108 வரும்வரை காத்திருங்கள்.

மேலப்பாளையம்: உள்ளூர்த் தெருவுக்குக்கூட ஹெல்மெட்டா?

ஆமாம், வாரைப் பூட்டியே போடுங்கள். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், ஹெல்மெட் தலைக்காயத்தை ஏறக்குறைய 69 சதவீதமும் சாவை 42 சதவீதமும் குறைக்கிறது. நான்குவழிச் சாலையில் மட்டும்தான் தலை உடையும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

முக்கூடல் அக்கா: பீடி சுற்றுகிறேன், புகைப்பதில்லை. எனக்கு என்ன பரிசோதனை தேவை?

புகைக்காவிட்டாலும் புகையிலைத் தூள் மூக்கில் ஏறுகிறது, நிகோடின் கைத்தோல் வழியாகவும் உடம்புக்குள் போகிறது. இருமல் விடாமல் இருந்தால் காட்டிக்கொள்ளுங்கள். முப்பது வயது கடந்திருந்தால் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். வினிகர் போன்ற மருந்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெள்ளையாக மாறுகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில், இதை ஒரே ஒரு முறை செய்ததிலேயே அந்தப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. வெட்கப்பட்டுத் திரும்பிவிடாதீர்கள், பெண் செவிலியர்களே செய்வார்கள். துணைக்கு அடுத்த வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனால் அவருக்கும் ஆயிற்று.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை: மகன் ‘முழு உடல் பரிசோதனை’க்குப் பணம் கட்டிவிட்டான். அறுபது சோதனைகள். ஒன்றில் சிறு கட்டி இருப்பதாக வந்ததிலிருந்து தூக்கமில்லை.

சார், எங்கே என்று நீங்கள் எழுதவில்லை. தைராய்டாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். தென் கொரியாவில் எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் கழுத்தை ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். 1993க்கும் 2011க்கும் இடையில் தைராய்டு புற்றுநோய் என்று கண்டறியப்படுவது 15 மடங்கானது, சாவு மட்டும் குறையவில்லை. பலருக்குத் தேவையில்லாமல் கழுத்தை அறுத்ததுதான் மிச்சம். முடிவு தெரிந்தால் நாம் செய்வது என்ன மாறும் என்று கேட்டுவிட்டுச் சோதனைக்குப் போக வேண்டும். உங்கள் வயதுக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் அப்படிப்பட்டவை. அறுபது சோதனை என்பது விளம்பரத்துக்கு அழகான எண். கட்டியைப் பற்றி ஒரு நல்ல மருத்துவரிடம் நேரில் கேளுங்கள், கத்தியை அவசரப்படுத்தாதீர்கள்.

வள்ளியூர்: ரத்த அழுத்தம் மருத்துவமனையில் 150, வீட்டில் 130. எதை நம்புவது?

அண்ணாச்சி, பஸ்ஸிலிருந்து இறங்கி, படியேறிப் போனவுடன் பார்த்திருப்பார்கள். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பேசாமல், கையை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் வைத்து, அரைமணி நேரத்துக்கு முன்பே காப்பியை முடித்துவிட்டு, ஒரு வாரம் காலையும் மாலையும் எடுத்து எழுதிவையுங்கள். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.