பில் எங்கே, பாக்கெட் எங்கே?

கேள்வி: சந்தையில் அளந்து வாங்கிய கடுகு விதை. பில் இல்லை. செடி முழுக்க, இலையடியில் பூஞ்சணம் படரும் அடிச்சாம்பல் நோய். நஷ்டஈடு கிடைக்குமா? (குப்பம்)

பதில்: யாரிடம் கேட்பீர்கள்?

கேள்வி: "எல்லா நோயும் தாங்கும்" என்று அச்சடித்த காலிபிளவர் விதையைப் பலமநேரில் வாங்கினேன். நாற்றங்காலிலேயே இலையின் மேல் மஞ்சள், அடியில் வெள்ளைப் பூஞ்சணம். பில், பாக்கெட் இரண்டும் இருக்கின்றன. வழக்குப் போட ஆந்திராவுக்கு அலையணுமா? (குடியாத்தம்)

பதில்: வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு. "விதைக்குத் தனிச் சட்டம் இருக்கிறது, நுகர்வோர் ஆணையத்துக்கு வராது" என்று விதைக் கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். ஆந்திர விவசாயிகளின் வழக்கில் 2012ல் உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. நாற்றைப் பிடுங்கி எறியுமுன் தோட்டக்கலை அலுவலருக்கு எழுதிக் கொடுத்து, வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று. பனியும் ஈரமும் நெருக்கமான விதைப்பும் சேர்ந்தால் நல்ல விதையிலும் இந்த அடிச்சாம்பல் வரும். உங்கள் பலம் பாக்கெட்டில் இருக்கும் அந்த மூன்று வார்த்தைதான். பத்திரம்.

கேள்வி: போன வருஷம் நோய் தாங்கிய ரகம், இந்த வருஷம் படுத்துவிட்டது. ஏமாற்றா? (பள்ளிப்பட்டு)

பதில்: அப்படிச் சொல்லிவிட முடியாது. ரகம் அப்படியே இருக்க, நோய்க்கிருமி மாறிவிடும். 1960களில் கொண்டாடப்பட்ட ஹெச்.பி.3 என்ற கம்பு ரகம், 70களில் அடிச்சாம்பலில்தான் அழிந்தது. எண்ணெய்க்காகக் கடுகு இனத்து ரேப் பயிரிடும் நாடுகளிலும் இதே தொல்லைதான்.

எனக்கு எரிச்சலே "நோய் எதிர்ப்பு" என்ற மொட்டைச் சொல்தான். எந்த நோய்? எவ்வளவு? தாங்கும் என்றால் வராது என்று அர்த்தமில்லை, வந்தாலும் குறைவாக வரும் என்றுதான். இலைமேல் வெள்ளைப் பொடியாகப் படியும் சாம்பல் நோய் வேறு, அடிச்சாம்பல் வேறு. ஒன்றைத் தாங்கும் ரகம் மற்றதைத் தாங்கணும் என்று கட்டாயமில்லை. மருந்தும் அப்படித்தான். என் பீர்க்கங்கொடிக்கு அடிச்சாம்பல் வந்தபோது கடைக்காரர் "சாம்பல்தானே" என்று கந்தகத்தைக் கட்டிக் கொடுத்தார். நானும் இலையைத் திருப்பிக் காட்டாமல் வாங்கி வந்து இரண்டு தடவை தெளித்தேன். கந்தகம் சாம்பல் நோய்க்குத்தான் கேட்கும். கொடி போச்சு, காசும் போச்சு. அடிச்சாம்பல் கிருமி உண்மையில் பூஞ்சையே இல்லை, பாசிக்குச் சொந்தம் என்று அப்புறம்தான் படித்தேன். ஆகவே கடையில் நோயின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கேள்வி: கனோலா (ரேப் விதை) எண்ணெய் வாங்குகிறோம். அந்தச் செடிக்கும் இந்த நோய் வருமாமே, எண்ணெயில் இறங்குமா? (திருத்தணி)

பதில்: இறங்காது. அது உயிருள்ள செடியில் மட்டும் வளரும் கிருமி. விலையைப் பார்த்து வேண்டுமானால் பயப்படுங்கள்.

கேள்வி: விதைத்தது போகக் கொஞ்சம் கடுகு மீதி. ரோஸ் கலரில் மருந்து கலந்தது. கழுவித் தாளிக்கலாமா? (வி.கோட்டா)

பதில்: கூடாது. கோழிக்கும் போடாதீர்கள்.