பென்டிரைவ் செருகியது லினக்ஸில் புரோகிராம்களுக்கு எப்படித் தெரிகிறது?

புரோகிராம் அடிக்கடி எட்டிப் பார்க்க வேண்டியதில்லை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலே சொல்லிவிடும். பென்டிரைவைச் செருகியதும் நெட்லிங்க் சாக்கெட் (கெர்னலும் புரோகிராம்களும் பேசிக்கொள்ளும் வழி) வழியாக ‘யூஈவென்ட்’ என்ற சிறு செய்தியை அனுப்பும். சாதனம் சேர்ந்ததா கழன்றதா, அது எது, நிகழ்வின் வரிசை எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். முன்பு ஒவ்வொரு நிகழ்வுக்கும் ‘ஹாட்பிளக்’ என்று தனி புராசஸையே கெர்னல் கிளப்பிவிடும். பத்து நிகழ்வு சேர்ந்து வந்தால் எது முதலில் முடியும் என்றே சொல்ல முடியாது, பெரிய தலைவலி.

சரி, கெர்னல் செய்தியை உங்கள் புரோகிராம் நேரடியாகக் கேட்கலாமா? கேட்கலாம், ஆனால் வேண்டாம். அந்த நொடியில் டிவைஸ் ஃபைலுக்கான (சாதனத்தை அணுக உதவும் ஃபைல்) அனுமதிகள்கூட அமைந்திருக்காது. சாதனங்களைக் கவனித்துக்கொள்ளும் பின்னணி புரோகிராமான யூடெவ் தன் விதிகளின்படி அதையெல்லாம் சரிசெய்துவிட்டு, அப்புறம் தன் செய்தியை அனுப்பும். லிப்யூடெவ் என்ற லைப்ரரி மூலம் அதைக் கேளுங்கள். ‘udevadm monitor’ என்ற கட்டளையை ஓடவிட்டால் கெர்னல் செய்தி, யூடெவ் செய்தி இரண்டும் அடுத்தடுத்து வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.